ஒற்றியூரில் கடல் எங்கே நின்றது?

டிசம்பர் 24, ராயபுரம்

கரூரில் ஏறிய பேருந்து திண்டிவனத்துக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. மாற்று வண்டிக்காக நெடுஞ்சாலை ஓரத்தில் மூன்று மணி நேரம் காத்திருந்தோம். விடியற்காலையில் வந்து சேர வேண்டியவள் ராயபுரத்தில் தோழி வீட்டுப் படியேறும்போது பகல் 11 மணி. "மொதல்ல குளி, அப்புறம் பேசு" என்று தோழியின் அம்மா துண்டை எடுத்து நீட்டினார்.

ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள் தோழி. இந்தக் கிறிஸ்துமஸுக்கு வந்தே ஆக வேண்டும் என்று கூப்பிட்டாள். நான் வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. நவம்பரில் எட்டாம் வகுப்பில் கடல்கோள் பற்றி, கடல் பொங்கிப் பழைய தமிழ் நிலத்தை விழுங்கியது என்ற கதையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். தென்மதுரை, கபாடபுரம், பஃறுளி ஆறு. கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்தான், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற வீட்டுப் பிள்ளை. "டீச்சர், நோவா காலத்து வெள்ளமும் நம்ம கடல்கோளும் ஒண்ணா? நெஜமாவே நடந்துச்சா?" வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். அடுத்த வாரம் சொல்கிறேன் என்றேன். அடுத்த வாரமும் என்னிடம் பதில் இல்லை. காவிரியில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்திருக்கிறேன், அமராவதியைப் பார்த்திருக்கிறேன். கடலோடு எனக்குப் பழக்கமே கிடையாது.

தோழியின் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மத்தியானச் சாப்பாட்டில் அவரிடம் இந்தக் கேள்வியைச் சொன்னேன். சோற்றைப் பிசைந்தபடியே, "கடல் ஊரை முழுங்குமான்னு கேக்குற. நாளைக்கு சாயங்காலம் கூட்டினு போறேன் கண்ணு" என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் தோழியோடு பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ சாப்பிடப் போனேன். 1960களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு. ஆரஞ்சு நிற நூடுல்ஸில் முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர் எல்லாம் போட்டு ஒரு பெரியவர் கையாலேயே பிசைந்தார். "புளிப்பு போதுமாம்மா?" என்று நிறுத்தி நிறுத்திக் கேட்டார். முதல் வாய் எடுத்த பிறகுதான் அடுத்தவருக்குப் பிசையத் திரும்பினார். கூடவே சூடாக வாழைத்தண்டு சூப். 80 ரூபாய்.

நள்ளிரவுப் பூசை புனித இராயப்பர் ஆலயத்தில். கூட்டம் தெரு வரைக்கும் நின்றது. இராயப்பர் என்றால் பேதுரு, மீன்பிடித்தவர். ராயபுரத்துக்குப் பெயர் வந்ததே அவரால்தான். தூறலில் நனைந்துகொண்டே வீடு திரும்பினோம்.

டிசம்பர் 25, ராயபுரம்

பிரியாணி, வஞ்சிரம் வறுவல், இறால் தொக்கு. சாப்பிட்டு முடித்து எல்லாரும் கூடத்தில் சாய்ந்திருந்தபோது, கேக் வாங்கிக்கொண்டு போக எதிர்வீட்டு பாயம்மா வந்தார். பேச்சு நோவாவிடம் போய் நின்றது. "நூஹு நபியோட கப்பல்தானே? அது ஜூதி மலையிலல்ல நின்னுச்சு" என்றார் பாயம்மா. "எங்களுக்கு அரராத்து மலை" என்றார் தோழியின் அம்மா. நான் பாகவதத்தை எடுத்தேன். அதில் மீன் வந்து வெள்ளத்தைப் பற்றி எச்சரிக்கிறது. எச்சரிக்கையைக் கேட்கும் அரசன் சத்தியவிரதன் திராவிட நாட்டுக்காரன். கிருதமாலை ஆற்றில் கையில் அள்ளிய நீரில்தான் அந்த மீன் வருகிறது. அந்த ஆறு வைகைதான் என்பார்கள். தோழியின் அப்பா சிரித்தார். "அப்போ எல்லார் வூட்டுலயும் ஒரு போட்டு இருக்குது."

ஒரு மாதமாக ராத்திரியில் உட்கார்ந்து படித்ததை அங்கே அவர்களிடம் கொட்டினேன். 1872இல் லண்டன் அருங்காட்சியகத்தில் ஜார்ஜ் ஸ்மித் என்பவர் நினிவே என்ற பழைய நகரத்திலிருந்து வந்த ஒரு களிமண் பலகையைப் படித்தார். அதில் உத்னபிஷ்திம் என்ற மனிதன் தெய்வம் சொன்னபடி படகு கட்டுகிறான். ஆறு பகல், ஏழு இரவு புயலும் வெள்ளமும். கடைசியில் புறா, தகைவிலான் குருவி, காகம் என்று வரிசையாகப் பறக்க விடுகிறான். காகம் திரும்பி வரவில்லை. நோவாவும் காகத்தையும் புறாவையும்தான் விட்டார். பைபிளுக்கு வெகு காலம் முன்பே ஈராக்கின் இரண்டு ஆறுகளுக்கு நடுவில் இந்தக் கதை இருந்திருக்கிறது.

"சரி, அங்க நெஜமா வெள்ளம் வந்துச்சா?" இது தோழி.

வந்தது. 1929இல் ஊர் என்ற பழைய நகரத்தைத் தோண்டிக்கொண்டிருந்த லியோனார்ட் வூலி, ஆள் உயரத்துக்கும் மேலே வெறும் வண்டல் படிந்திருப்பதைக் கண்டார். மேலேயும் மனிதர் வாழ்ந்த தடம், கீழேயும் மனிதர் வாழ்ந்த தடம், நடுவில் ஒன்றுமில்லாத மண். நோவாவின் வெள்ளம் கிடைத்துவிட்டது என்று உலகமெல்லாம் செய்தி பரவியது. அப்புறம் மற்ற ஊர்களிலும் தோண்டினார்கள். உத்னபிஷ்திமின் ஊரான சுருப்பாக்கில் வண்டல் இருந்தது, ஆனால் அது பல நூற்றாண்டு பிந்தியது, கி.மு. 2900 சுமாருக்கு. வூலி தோண்டிய ஊர் நகரத்துக்குப் பக்கத்திலேயே இருந்த எரிதுவில் வண்டலே இல்லை. ஒரே வெள்ளமாக இருந்தால் எரிது மட்டும் எப்படித் தப்பும்?

அப்பா இதைச் சட்டென்று பிடித்துக்கொண்டார். "2015 டிசம்பர்ல அடையாறு பக்கம் மாடி வரைக்கும் தண்ணி. எங்க தெருவுல கணுக்கால். ரெண்டும் மெட்ராஸுதான். அங்க இருந்தவனைக் கேட்டா உலகமே முழுகிப்போச்சும்பான். அவன் பொய் சொல்லலியே?"

ஒரு மாதம் படித்தும் எனக்குக் கிடைக்காத வாக்கியம் இது. உலகம் முழுவதையும் மூடிய ஒரே வெள்ளத்துக்கு மண்ணில் சாட்சி இல்லை. ஆனால் ஒரு ஆறு ஒரு ஊரை விழுங்கியதற்குச் சாட்சி இருக்கிறது. அந்த ஊர்க்காரனுக்கு அவன் ஊர்தான் உலகம். கருங்கடலுக்குள் சுமார் 7,600 ஆண்டுகளுக்கு முன் மத்தியதரைக் கடல் உடைத்துக்கொண்டு பாய்ந்ததுதான் மூலக்கதை என்று வில்லியம் ரையனும் வால்டர் பிட்மனும் 1997இல் சொன்னார்கள். அது எவ்வளவு பெரிய பாய்ச்சல் என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. எனக்கு வூலியின் வண்டலே போதும்.

வெயில் தாழ்ந்ததும் அப்பா கூட்டிக்கொண்டு போனார். கடற்கரை என்று மணலை எதிர்பார்த்துப் போனேன். மணல் இல்லை. சாலை, சாலை ஓரத்தில் மாடு உயரக் கருங்கற்கள், கற்களுக்குக் கீழே கடல் மோதிக்கொண்டிருந்தது. அப்பா நீரோட்டத்தை வெள்ளம் என்றுதான் சொல்கிறார். மீன்காரர் வழக்கம் அது. "இப்போ வன்னி வெள்ளம், வடக்கேருந்து தெக்கே. மாசி தாண்டுனா தெண்டி, தெக்கேருந்து வடக்கே. வருசத்துல தெண்டிதான் ரொம்ப நாளு. அது மணலை வாரினு வடக்கே வரும். நடுவுல ஆர்பர் கட்டிட்டான். மணலெல்லாம் தெக்கால நின்னுப்போச்சு."

துறைமுகத்துக்கு 1875இல் அடிக்கல் நாட்டினார்கள். முடிகிற நேரத்தில் 1881 புயல் வந்து உடைத்தது, திரும்பக் கட்டினார்கள். அந்தச் சுவர் மடக்கிய மணல்தான் இன்றைய மெரினா. தெற்கே கடற்கரை அகலமாக அகலமாக, வடக்கே கரை கரைந்துகொண்டே வந்தது. மெரினாவில் சுண்டல் சாப்பிட்டிருக்கிறேன், பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப் போயிருக்கிறேன். அந்த மணல் யாருடைய தெருவிலிருந்து கழிந்தது என்று நினைத்துப் பார்த்ததே இல்லை.

ஒரு குறுகலான தெருவின் கிழக்கு முனையில் நிறுத்தினார். கடைசி வீட்டுச் சுவரில் துருவேறிய நீலத் தகடு. பழைய எண் 17, புதிய எண் 1.

"பதினாறு வூடு அங்க இருந்துது" என்று கற்களுக்கு அப்பால் கையைக் காட்டினார். பிறகு விரல் மடக்கி எண்ண ஆரம்பித்தார். "ஒண்ணு, உப்பு மண்டி. ரெண்டு, கட்டுமரம் கட்டுற ஆசாரி. மூணும் நாலும் அண்ணன் தம்பி, பேச்சுவார்த்தை கிடையாது. அஞ்சு, பூட்டியே கெடக்கும். ஆறு, ஆப்பக்கடை. ஏழு, நாங்க. எட்டு, எங்க சித்தப்பா. ஒம்போது..." நிறுத்தினார். தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஒம்போது யாருன்னு வரமாட்டேங்குதே."

ஒரே இரவில் போகவில்லையாம். ஒரு மழைக்காலத்துக்கு ஒரு சுவர், இன்னொரு மழைக்காலத்துக்குக் கிணறு. அவர் எட்டாவது படிக்கும்போது முதல் மூன்று வீடு போயிருந்தது. கடைசி வீடு போனபோது தோழி பிறந்துவிட்டாள்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார், கடல் கொண்ட நிலத்தைப் பட்டியல் போடுகிறார்: ஏழ்தெங்க நாடு, ஏழ்மதுரை நாடு, ஏழ்முன்பாலை நாடு என்று ஏழேழாக 49 நாடுகள். இறையனார் களவியல் உரையில் மூன்று சங்கங்கள் நடந்த காலம் 4440, 3700, 1850 ஆண்டுகள். மூன்றையும் 37ஆல் வகுத்துப் பாருங்கள்: 120, 100, 50. மீதமே வராது. வரலாறு இப்படிச் சரியாக வகுபடுமா? அப்பாவின் பட்டியலில் ஐந்தாம் வீடு பூட்டிக் கிடக்கிறது, ஒன்பதாம் வீடு மறந்துபோயிருக்கிறது. கண்ணால் பார்த்தவன் சொன்னால் அப்படித்தான் இருக்கும்.

இதனால் கடல்கோளே பொய் என்று நான் சொல்லவில்லை. பட்டியலையும் கணக்கையும் பின்னால் வந்தவர்கள் ஒழுங்குபடுத்தியிருக்கிறார்கள் என்கிறேன். இளங்கோவடிகளுக்கு ஒரே ஒரு ஆறும் ஒரு மலையும் போதுமாக இருந்தது: "பஃறுளி யாற்றுடன் பன்மலை யடுக்கத்துக் குமரிக் கோடும் கொடுங்கடல் கொள்ள". அந்த வரியில் ஒரு இழப்பு இருக்கிறது. உரையில் அந்த இழப்பு ஒரு கண்டத்து அளவுக்கு வளர்ந்துவிட்டது.

டிசம்பர் 26, காசிமேடு

மீன் ஏலம் பார்க்கலாம் என்று பையோடு விடியற்காலையில் போனேன். ஆட்டோ 60 ரூபாய். ஏலம் இல்லை. விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. இன்றைக்கு யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள் என்பது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். 2004 சுனாமி நாள்.

தூறல் வலுத்தது. குடை வீட்டில். கவனிக்காமல் காயப்போட்ட வலை மேல் காலை வைத்துவிட்டேன். ஒரு அம்மா பாய்ந்து வந்து திட்டினார்: "வலை மேல செருப்புக் காலோட நிப்பியா?" மன்னிப்புக் கேட்டு இறங்கினேன். திட்டி முடித்த கையோடு, மீன் கட்டும் பாலித்தீன் பை ஒன்றைக் கிழித்து என் தலையில் போட்டுவிட்டார். "நனையாதே, சளி புடிச்சிக்கும்." எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டார். கரூர் என்றதும், "அங்க கடல் கெடையாதே, பாவம்" என்றார்.

கரையில் கூட்டம் கூடியது. சிலர் குடம் குடமாகப் பால் கொண்டுவந்தார்கள். அந்த அம்மாவின் கையில் ஒரு அரை லிட்டர் பாக்கெட். மூலையைப் பல்லால் கடித்துத் துப்பி, குனிந்து, கல்லுக்கு நடுவில் ஏறி வந்த தண்ணீரில் மெதுவாக ஊற்றினார். வெள்ளை சற்று நேரம் நுரையோடு நின்று கலைந்தது. அடுத்த அலை என் முழங்கால் வரைக்கும் ஏறி ஒரு செருப்பைக் கொண்டுபோனது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் தேடவில்லை.

டீக்கடைத் திண்ணையில் அவராகவே சொன்னார். "மொத அலை வந்துட்டு உள்ள போச்சு. தரை தெரிஞ்சிது. மீனு துள்ளுது, பசங்க பொறுக்க ஓடுறாங்க. அப்புறம் வந்துது பாரு." சுமத்ராவுக்குப் பக்கத்தில் பூமி அதிர்ந்தது நம் நேரப்படி காலை 6.29க்கு. இரண்டு மணி நேரத்துக்கும் மேலே அந்த அலை கடலில் வந்துகொண்டிருந்தது. இங்கே ஒருவருக்கும் தெரியாது. கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அந்த வருசம் கங்கையம்மனுக்கு ஒயுங்கா செய்யல. அதான்" என்றார்.

டீயைக் கீழே வைத்துவிட்டேன். மணிமேகலையில் புகாரைக் கடல் கொண்டது ஏன்? பிள்ளையைத் தொலைத்த துயரத்தில் சோழன் இந்திர விழாவை மறந்தான். பழைய பாபிலோனியக் கதையில், மனிதர் போடும் கூச்சலில் தெய்வத்துக்குத் தூக்கம் கெட்டது. பைபிளில் மனிதரின் அக்கிரமம் பெருகியது. எந்த வெள்ளமும் சும்மா வரவில்லை, யாரோ தவறு செய்ததால் வந்தது. உயிர் பிழைத்தவர்களுக்கு ஒரு காரணம் வேண்டியிருக்கிறது. அப்படிச் சேர்த்த காரணத்தைப் பார்த்து, இது வெறும் கதை என்று நிகழ்ச்சியையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறோம். இந்த அம்மா சொன்ன காரணத்தை நான் ஏற்கவில்லை. அவர் சொன்ன அலையை எப்படி மறுப்பேன்?

அதே அலை மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் மணலை அரித்து ஒரு பாறைக் கல்வெட்டை வெளியே காட்டியது. 2005இல் தொல்லியல் துறை தோண்டியபோது பல்லவர் காலத்து முருகன் கோயிலும், அதற்கு அடியில் இன்னும் பழைய செங்கல் கோயிலும் கிடைத்தன. அவற்றைக் கடல்தான் சாய்த்தது என்று தோண்டியவர்கள் கருதினார்கள்.

டீ 15 ரூபாய். நான் நீட்டிய காசை அந்த அம்மா தட்டிவிட்டு அவரே கொடுத்தார். ஒற்றைச் செருப்போடு நடந்து, வழியில் 150 ரூபாய்க்கு ஒரு ஹவாய் செருப்பு வாங்கினேன்.

டிசம்பர் 27, திருவொற்றியூர், எண்ணூர்

திருவொற்றியூரைப் பார்க்காமல் போகக்கூடாது என்று முதல் நாளே முடிவு செய்திருந்தேன். வடசென்னைக்கென்று சொந்தமாக ஒரு பிரளயக் கதை இருக்கிறது, அது இங்கேதான். ஊழிநீர் சூழ்ந்தபோது இறைவன் அதை ஒற்றி எடுத்தார், அதனால் ஒற்றியூர். மார்கழிக் காலை. பொங்கல் பிரசாதம் இலைத்தொன்னையில் கை சுட்டது. மிளகு தூக்கல். புற்று மண் லிங்கமான ஆதிபுரீஸ்வரரைக் கவசம் இல்லாமல் பார்க்க முடிவது கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும். அது முடிந்துவிட்டது. கவசத்தைத்தான் கும்பிட்டேன்.

பிரளயம் தொடாத ஊர் என்று தமிழ்நாட்டில் பல ஊர்கள் சொல்லிக்கொள்கின்றன. சீர்காழியில் இறைவன் தோணியில் மிதந்தார்; தோணிபுரம். கும்பகோணத்தில் குடம் மிதந்து வந்து தங்கியது. மதுரையில் உக்கிரபாண்டியன் வேல் எறிந்து கடலை வற்றச் செய்தான். எல்லா இடத்திலும் தண்ணீர் வருகிறது, ஏதோ ஒன்று தப்பி நிற்கிறது.

ஆனால் ஒரு பெயரை வைத்து வரலாறு எழுதுவதில் ஆபத்து உண்டு. வரும் வழியில் மெட்ரோவில் காலடிப்பேட்டை நிலையத்தைப் பார்த்தேன். யாருடைய காலடி? எவருடையதும் இல்லை. 1717 முதல் 1720 வரை சென்னை ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியேற்றிய பேட்டை. காலெட் பேட்டை, காலடிப்பேட்டை ஆகிவிட்டது. இன்னும் நூறு வருடம் போனால் அங்கே ஒரு பாதம் கண்டுபிடிக்கப்பட்டாலும் ஆச்சரியமில்லை. ஒற்றி என்றால் அடமான நிலமும்தான்; இன்றும் ஒத்திக்கு விடுகிறோம். அதனால் பெயரை விட்டுவிட்டுப் பாட்டைப் பார்த்தேன். சுந்தரர் இந்த ஊரை "கலமுந் திமிலுங் கரைக்கே ஓட்டுந் திரைவாய் ஒற்றியூரே" என்கிறார். மரக்கலத்தையும் மீன் படகையும் கரைக்குத் தள்ளும் அலை. பன்னிரண்டு நூற்றாண்டுக்கு முன்னும் இது கடலோடு மல்லுக்கு நின்ற ஊர். கடல் வாசலுக்கு வந்து திரும்பியது என்று இந்த ஊர்க்காரர்கள் சொன்னால், அது பார்த்துப் பார்த்துச் சொன்னது என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

பட்டினத்தார் சமாதி கடலோரம். உள்ளே நான்கைந்து பேர், ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். பேய்க்கரும்பு இனித்த இடத்தில் அடங்கினார் என்பது கதை. பட்டினத்தார் பிறந்த பட்டினம் காவிரிப்பூம்பட்டினம், கடல் கொண்ட புகார். அங்கேயிருந்து வந்தவர் கடல் பின்வாங்கியதாகச் சொல்லும் ஊரில் வந்து அமர்ந்திருக்கிறார். அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

எண்ணூரில் கொசஸ்தலையாறு கடலில் சேரும் முகத்துவாரத்தைப் பார்க்க ஷேர் ஆட்டோ. அனல்மின் நிலையச் சாம்பல் வாடை. 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்து இந்தக் கழிமுகத்தில் படிந்தது. இறால் வலைகளைத் தூக்கி எறிந்தோம் என்றார் ஆட்டோவில் பக்கத்தில் இருந்தவர். மழை கொட்டவே திரும்பிவிட்டேன்.

வண்டியில் பையனுக்கான பதிலை எழுதினேன். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் வரை கீழே இருந்தது. நாமும் இலங்கையும் ஒரே நிலம். குமரிக்குத் தெற்கேயும் பல கிலோமீட்டர் தரையாக இருந்தது. பனி உருகி, பல ஆயிரம் ஆண்டுகளில் கடல் அதை மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டது. அதற்கும் தெற்கே ஆழ்கடல்தான், மூழ்கிய கண்டம் எதுவும் இல்லை. லெமூரியா என்ற மூழ்கிய கண்டம், 1864இல் பிலிப் ஸ்க்ளேட்டர் என்ற விலங்கியலாளர் மடகாஸ்கரின் லெமூர் என்ற விலங்கினத்தை விளக்குவதற்காகச் செய்த ஊகம். கண்டங்களே நகர்கின்றன என்று தெரிந்தபின் அந்த ஊகத்துக்கு வேலையில்லை. பத்து வருடமாக அந்தக் கண்டத்தின் வரைபடத்தை நான் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். திரும்பிப் போனதும் அதைத்தான் முதலில் திருத்த வேண்டும். நோவாவின் வெள்ளம் ஆற்றுடையது. நம் கடல்கோள் கடலுடையது, அதிலும் சட்டென்று வருகிற அலை வேறு, வருடத்துக்கு ஒரு சுவர் தின்கிற அலை வேறு. எனவே ஒன்றல்ல தம்பி. ஆனால் நடந்தவை.

ராத்திரி இட்லி, மீன் குழம்பு. நேற்றைய குழம்பு, இன்றைக்கு இன்னும் ருசி. நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, அந்தப் பதினாறு வீட்டையும் மறுபடி சொல்லுங்கள் அப்பா என்றேன். நிதானமாகச் சொன்னார், எட்டு வரைக்கும் எழுதினேன். "ஒம்போதுதான் வரல கண்ணு."

அடுக்களையிலிருந்து அம்மாவின் குரல்: "ஒம்போது மருத்துவச்சி வூடு. உன்னைப் பெத்ததே அவங்க கையிலன்னு உங்கம்மா சொல்லுவாங்களே."

"அவங்க பதினொண்ணு."

"பதினொண்ணுல வலை பின்றவரு இருந்தாரு."

"அவரு பன்னெண்டு. நான் பொறந்த தெரு, எனக்குத் தெரியாதா?"

அம்மா கரண்டியோடு வாசற்படியில் வந்து நின்றார். இருவரும் விட்டுக்கொடுப்பதாகத் தெரியவில்லை. ஒன்பதுக்கு எதிரே மருத்துவச்சியையும் எழுதினேன், பதினொன்றுக்கு எதிரேயும் மருத்துவச்சியை எழுதினேன்.